கைக்கு எட்டாத தரை

தலை இல்லாத ஒரு குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அக்கா அந்தக் கடைக்குள் நுழைந்தாள். என் மகனின் பழைய மேல்சட்டையையும் கால்சட்டையையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, உள்ளே வெட்டுத் துணிகளும் மணலும் அடைத்து, கழுத்து வரவேண்டிய இடத்தைத் தடித்த நூலால் மூட்டியிருந்தாள். எடை ஆறரைக் கிலோ. முந்தைய வாரம் சுகாதார நிலையத்தில் அவனை நிறுத்தபோது முள் காட்டிய அதே எடை. முதலில் மணலைக் கீழ்ப்பாதியில் மட்டும் போட்டிருந்தாள். குழந்தைகளுக்கு மேல்பாதிதான் கனம் என்று தோன்றியதும், தைத்ததைப் பிரித்து, தோள் பக்கம் இரண்டு மணல் பைகளை வைத்து மறுபடி மூட்டினாள். இதற்கெல்லாம் அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது.

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"குழந்தைக்குத் தலை எங்கம்மா?"

"வீட்டுல தூங்குது."

"அப்ப உடம்பு மட்டும் தனியாக் கடைக்கு வந்திருக்கு."

"உக்காரப் போறது உடம்புதானே. தலையையும் கூட்டிட்டு வந்தா கடையில இருக்கிறது எல்லாம் வேணும்னு கேக்கும்" என்றாள் அக்கா. கடைக்காரர் சிரித்துவிட்டு, தரையில் வைத்துக் குழந்தையை உட்காரவைக்கும் இருக்கைகளில் அவரிடம் இருந்த ஐந்தையும் எடுத்துவந்து வரிசையாக வைத்தார்.

அக்கா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். மருத்துவமனை ஊழியர்களுக்கும் பள்ளிகளுக்கும் சீருடை தைக்கும் ஒரு கடையில் துணி வெட்டும் மாஸ்டர். இருபத்தாறு வருடங்கள் நின்றபடியே வேலை பார்த்தவள். இடுப்புயரத்துக்கு ஒரு நீளமான மேசை, அதில் அடுக்கடுக்காய் விரித்த துணி, மேலே அவள் கை. அந்தக் கடையில் மேசையில் இருப்பதற்குத்தான் மதிப்பு. தரையில் கிடப்பது எல்லாம் குப்பை. கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி அவள் பேசியதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் இருந்தாள். என் மகன் பிறந்து, என் விடுப்பு முடிந்தபோது, கடையில் பேசி மாலை வேலைக்கு மாற்றிக்கொண்டு, பகல் முழுதும் அவனைப் பார்த்துக்கொள்ள வந்தாள். அவர், என் கணவர், பாலம் கட்டும் வேலையில் வெளியூரில் இருந்தார். மாதம் ஒரு முறை வருவார். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பெரும்பாலும் மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத அந்தத் துண்டுக் காகிதம், அதைத்தான். எச்சரிக்கைகளைப் படிப்பது என் பிழைப்பு.

முதல் இருக்கை காற்று ஊதுவது. அக்கா பொம்மையை அதில் வைக்கச் சொல்லி, இரண்டு விரலால் தோளைத் தள்ளச் சொன்னாள். பொம்மை இருக்கையோடு சேர்ந்து சாய்ந்தது. "இது படகு. வேண்டாம்." இரண்டாவதில் காலுக்கான ஓட்டைகள் சின்னவை. அவனுடைய தொடைச் சுற்றளவைச் சட்டைப்பைக்குள்ளிருந்த சீட்டில் குறித்து வைத்திருந்தாள். அளவு நாடாவை ஓட்டைக்குள் வளைத்துப் பார்த்தாள். "இன்னைக்குப் போட்டா அடுத்த மாசம் காலை வெட்டித்தான் எடுக்கணும்." மூன்றாவது இருக்கையின் இடுப்புப் பட்டையைத் திருப்பி, தையலை நகத்தால் கீறினாள். "ஒத்தைத் தையல். இதைத் தச்சவன் வீட்டுக்குப் போற அவசரத்துல இருந்திருக்கான்." நான்காவது நல்ல உயரம், பார்க்க அழகு. அதனாலேயே வேண்டாம் என்றாள். உயரமாக இருந்தால் சீக்கிரம் கவிழும். ஐந்தாவது பழுப்பு நிறத்தில், தவளை மாதிரி அகன்று, தாழ்ந்து, அசிங்கமாக இருந்தது. அதைத்தான் பிடித்தது. பக்கவாட்டில் தள்ளச் சொன்னாள், பின்னால் தள்ளச் சொன்னாள், பொம்மையின் முதுகை வளைத்து இழுக்கச் சொன்னாள். அசையவில்லை.

"இதைக் கொஞ்சம் மேல வைங்களேன்" என்று கல்லாப் பக்கத்து மேசையைக் காட்டினாள்.

"இது தரையில வைக்கிறதும்மா."

"தெரியும். கண்ணுக்கு நேரா இருந்தாத்தான் எனக்குத் தையல் தெரியும்."

மற்ற நான்கையும் நான்தான் தரையிலிருந்து தூக்கித் தூக்கி அவள் கையில் கொடுத்திருந்தேன். பொம்மையை வைத்ததும் தள்ளியதும் எடுத்ததும் நான். அவள் நின்றபடி விரலை மட்டும் நீட்டி, எங்கே தள்ளவேண்டும் என்று காட்டினாள். மாஸ்டர் தோரணை என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாகக்கூட இருந்தது.

இருக்கையின் அடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேசைப் படம் போட்டு அதன் மேல் சிவப்புக் கோடு. அக்கா அதைக் கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தாள். தரையில் மட்டும் வைக்கவும். மேசை, நாற்காலி, கட்டில் எதன் மேலும் வைக்கக் கூடாது. தலை நன்றாக நின்ற பிறகே உட்கார வைக்கவும். தூங்கவிடக் கூடாது. எப்போதும் பெரியவர் ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். படித்து முடித்து, "பிழை ஏதாவது இருக்காடி?" என்று என்னைக் கேட்டாள். நான் வாங்கிப் பார்த்து, இல்லை என்றேன்.

சுகாதார நிலையத்துச் செவிலியும் இதையேதான் சொல்லியிருந்தார். ஒரு தடவைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், மீதி நேரம் பாயில் கவிழ்ந்து புரளட்டும், முதுகு தானாகப் பலப்படும், இது அவன் வேடிக்கை பார்க்க மட்டும்தான் என்றார். சுவர் ஓரமாகவோ அலமாரி ஓரமாகவோ வைத்தால் காலால் உதைத்துச் சாய்ந்துவிடுவான், நடு அறையில் வையுங்கள் என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

வீட்டில் அவனுக்கு அவள் வைத்த பெயர் முதலாளி. "முதலாளி இன்னைக்கு எத்தனை தடவை கூப்பிட்டாரு தெரியுமா? ஒரு நிமிஷம் உக்கார விடல." "முதலாளிக்கு இந்தச் சட்டை பிடிக்கல. மூஞ்சியைப் பாரு, சம்பளத்துல பிடிப்பாரு போல." காலையில் எட்டு மணிக்கு வருவாள். நான் எட்டரைக்குக் கிளம்புவேன். அந்த அரை மணி நேரத்தில் அவனைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து, அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவேன். கையில் கொடுத்துவிட்டு என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். ஒரு நாளும் அவள் அவனைப் பாயிலிருந்து எடுத்து நான் பார்த்ததில்லை. "குடு" என்று கையை நீட்டுவாள். நான் குனிந்து எடுத்துக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவனும் தரையில் உருளும்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள். "கீழ வாக்கா" என்றால், "முதலாளி முன்னாடி வேலைக்காரி நாற்காலியில உக்காந்தாத்தான் அவருக்குக் கோவம் வரும், வேடிக்கையா இருக்கும்" என்பாள். நாங்கள் சிரிப்போம். எங்கள் வீடு மாடியில். ஏறி வரும்போது ஒவ்வொரு படியிலும் இடது காலையே முதலில் வைத்து, வலது காலைக் கூடச் சேர்த்து, பிறகு அடுத்த படி. மூச்சு வாங்குகிறது, வயசாகிறது என்பாள். நாற்பத்தெட்டு வயது.

அன்று அச்சகத்தில் இயந்திரம் பழுதாகி, பதினொரு மணிக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். மத்தியானப் பால் நானே கொடுக்கலாம். ஓசைப்படாமல் போய் அவனை அசத்தவேண்டும் என்று நினைத்து, என் சாவியால் கதவைத் திறந்தேன்.

இருக்கை மேசை மேல் இருந்தது. நாங்கள் சாப்பிடும் மேசை. அடியில் ஒரு கெட்டித் துணியை விரித்திருந்தாள். என் மகன் அதில் இடுப்புப் பட்டையோடு உட்கார்ந்திருந்தான். அக்கா அவனுக்கு முன்னால், மேசையோடு ஒட்டி நின்றிருந்தாள். வெட்டும் மேசைமுன் நிற்பாளே, அதே நிற்பு. ஒரு கை இருக்கையின் விளிம்பில். இன்னொரு கையில் இரண்டு பெரிய பட்டன்களைப் பிடித்துத் தன் கண்மேல் வைத்துக்கொண்டு, "முதலாளி, பட்டன் ரெண்டு போதுமா, மூணு வைக்கவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

நான் "டேய் குட்டி" என்று கூப்பிட்டேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. மேசையைப் பார்த்த பிறகுதான் கூப்பிட்டேனா, பார்ப்பதற்கு முன்பா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். பார்த்த பிறகுதான் என்று நினைக்கிறேன். கண் பார்த்துவிட்டது, வாய் அதற்கு முன்பே மகிழ்ச்சியாகத் திறந்துவிட்டது. அவன் என் குரலுக்கு முழு உடம்போடு திரும்பினான். முதுகை வில்லாக வளைத்து, பாதத்தை மேசையில் ஊன்றி உந்தினான். அடியிலிருந்த துணி வழுக்கிக்கொண்டு வந்தது. கடையில் பொம்மையை எப்படித் தள்ளியும் அசையாத இருக்கை, அவனோடு சேர்ந்து விளிம்பைத் தாண்டிச் சாய்ந்தது. பொம்மைக்கு அம்மாவின் குரல் தெரியாது. அதைத்தான் நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை.

அக்கா அவனைப் பிடித்தாள். கையால் பிடிக்க நேரமில்லை, உடம்பைக் கொடுத்துப் பிடித்தாள். மேசை முனை அவள் இடுப்பில் இடித்த சத்தம் கேட்டது. அப்படியே சரிந்து, இருக்கையும் குழந்தையும் மார்மேல் கிடக்க, முதுகு தரையில் பட விழுந்தாள். அவன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு கணம் திகைத்து, அப்புறம் வீறிட்டு அழுதான்.

ஓடிப் போய்ப் பட்டையை அவிழ்த்தேன். அவனைப் பிடுங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நான் கத்தினேன்.

"இது துணி இல்லக்கா. கிழிஞ்சா தச்சுக்கலாம்னு நினைச்சியா?"

நான் அவனைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அவன் தலை, கை, விரல் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். பால் கொடுத்தேன். அவன் விசும்பிக்கொண்டே குடித்தான். வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இழுபடும், நிற்கும். மறுபடி இழுபடும். ஏதோ கனமானது தரையில் தட்டும். மறுபடி நிற்கும். இவ்வளவு நடந்திருக்கிறது, இவள் இப்போது அறையை ஒழுங்கு பண்ணுகிறாளா என்று எரிச்சலாக இருந்தது. கால் மணி நேரம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தது. கதவு மூன்று விரல் தடிமன் இருக்கும். திறந்திருக்கலாம்.

பிறகு அவள் குரல் கதவுக்கு அருகில் வந்தது.

"கீழ வச்சா எனக்குக் கைக்கு எட்டலடி."

"அதுக்கு மேசையில வைப்பியா? நீதானே கடையில அவ்ளோ சத்தமாப் படிச்சே?"

"ஆமா. நான்தான் படிச்சேன்."

"அழுகை நின்னுடுச்சா?" என்று கேட்டாள். "துணியெல்லாம் காயப்போட்டிருக்கேன். மூணு மணிக்கு எடுத்துடு" என்றாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படிகளில் அவள் இறங்கும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

அடுத்த வாரமே அச்சகத்துக்குப் பக்கத்திலிருந்த குழந்தைகள் காப்பகத்தில் அவனைச் சேர்த்தேன். அவர் தொலைபேசியில், "அவங்க வேணும்னேவா செஞ்சாங்க? நேர்ல உக்காந்து பேசு" என்றார். "நீங்க இங்க இருந்து பாத்திருந்தா தெரியும்" என்றேன். அக்காவிடம் நேரில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "இனிமே நீ கஷ்டப்பட வேணாம், காப்பகத்துல விடறேன்" என்று தொலைபேசியில் சொன்னேன். "நல்ல இடமாப் பாத்தியா? தரை சுத்தமா இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "சரி. அங்க இருக்கிறவங்களுக்கு வயசு எத்தனை?" இருபத்துமூன்று, இருபத்துநான்கு என்றேன். "நல்லது. ஓடி ஆடிப் பாத்துப்பாங்க" என்றாள். நான் அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம். இரண்டு தெரு தூரம். ஞாயிற்றுக்கிழமை அவனைக் கொண்டுபோய்க் காட்டுவேன். அரை மணி நேரம் இருப்போம். கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் அவனை உட்கார வைப்பேன், என் கையை அவன் முதுகிலிருந்து எடுக்கமாட்டேன். அவள் அந்தக் கையைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, "முதலாளி பாதுகாப்போட வந்திருக்காரு" என்பாள். பழைய மாதிரி சிரிப்பு வரும் என்று இரண்டு பேருமே காத்திருப்போம்.

பிறகு ஒரு நாள் அவள் கடையிலிருந்து ஒருவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். சட்டைகளுக்குப் பட்டன் ஓட்டை, அதாவது காஜா, எடுப்பவர். ஐம்பது வயதிருக்கும். கடையில் அவருக்குப் பெயரே காஜாதான்.

"தங்கச்சி, நான் சொன்னேன்னு மாஸ்டர்கிட்ட சொல்லிடாதீங்க. நாளைக்கு அவங்களை ஆஸ்பத்திரியில சேக்கறாங்க. இடுப்புல ஆபரேஷன்."

"இடுப்புலயா? என்னாச்சு?"

"உங்களுக்குத் தெரியாதா? ஒன்றரை வருஷமா இருக்கே. கத்தரி கீழ விழுந்தா நான்தான் எடுத்துக் குடுப்பேன். 'குனிஞ்சா எந்திரிக்க முடியலடா காஜா'ன்னு சொல்லுவாங்க. டாக்டர் அப்பவே பண்ணச் சொன்னாரு. தங்கச்சி மாசமா இருக்கா, குழந்தை பிறந்து நடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. இப்ப என்னவோ திடீர்னு, சும்மாத்தானே இருக்கேன், பண்ணிக்கறேன்னுட்டாங்க."

நான் அச்சகத்தில், பாதி படித்த ஒரு தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூட்டு வலி மாத்திரைக்கான தாள். அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அன்று கதவுக்கு வெளியே நாற்காலி இழுபட்ட சத்தம் மறுபடி காதில் கேட்டது. அவள் அறையை ஒழுங்கு பண்ணவில்லை. தரையிலிருந்து எழுந்திருக்க நாற்காலியைப் பிடித்திருக்கிறாள். அது வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. மறுபடி தவழ்ந்து போய் அதைப் பிடித்திருக்கிறாள். தட்டிய சத்தம் அவள் முழங்கால். இதெல்லாம் மூன்று விரல் தடிமன் உள்ள ஒரு கதவுக்கு அந்தப் பக்கம்.

இருக்கையின் அடியிலிருந்த தாளை அன்று வீட்டுக்குப் போய் மறுபடி படித்தேன். தரையில் மட்டும் வைக்கவும் என்று ஒரு வரி. பெரியவர் ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி. இரண்டையும் சேர்ந்தாற்போல் கடைப்பிடிக்க அவள் உடம்பால் முடியவில்லை. தரையில் வைத்தால் அவன் சாய்ந்தாலும் அழுதாலும் அவளால் குனிந்து தொட முடியாது. இருக்கையே இல்லாமல் விட்டிருக்கலாம் என்று சொல்லலாம். அப்போது நாள் முழுதும் அவனைக் கையிலேயே வைத்திருக்கவேண்டும், அல்லது கட்டிலில் விடவேண்டும், கட்டிலிலிருந்து உருண்டு விழும் அளவுக்கு அவன் புரளத் தொடங்கியிருந்தான். அதனால் ஒரு வரியை விட்டு ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய இருபத்தாறு வருடத் தொழிலில், கைக்கு எட்டுவது எல்லாம் மேசை மேல்தான் இருந்தது. மேசை தவறுதான். இன்றைக்கும் யார் என்னிடம் இந்த இருக்கையைப் பற்றிக் கேட்டாலும், எவ்வளவு அகலமானதாக வாங்கினாலும் ஒரு சாண் உயரத்தில்கூட வைக்காதீர்கள், குழந்தை வளையும் வளைப்பை எந்த இருக்கையும் தாங்காது என்று சொல்கிறேன். அவனை அவளிடமிருந்து எடுத்ததற்காக நான் வருந்தவில்லை. எடுத்த விதத்துக்காகவும், அந்தக் கதவுக்காகவும்தான்.

மறுநாள் அச்சகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா பச்சை உடுப்பில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் உடுப்பின் தோள் தையலைத்தான் காட்டினாள். "பாரு, எங்க கடையில வெட்டினது. நான் வெட்டினதை எனக்கே போட்டுட்டாங்க." பிறகு, "யாரு சொன்னா? காஜாவா? ஊருக்கெல்லாம் ஓட்டை போடுறான், அவன் வாய்க்கு ஒரு பட்டன் தைக்க ஆளில்ல" என்றாள்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

அவள் விட்டத்தைப் பார்த்தாள். "சொன்னா அவனை என்கிட்ட விட்டிருப்பியா?"

விட்டிருக்கமாட்டேன். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் அவளுக்குத் தலைவாரிவிடும்போது, மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தேன். நான்தான் கூப்பிட்டேன், என் குரலுக்குத்தான் அவன் வளைந்தான் என்பதிலிருந்து தொடங்கவேண்டும் என்று நினைத்தேன். அவளே பேச ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நீ கூப்பிட்டதும் எப்படித் திரும்பினான் பாத்தியா? கண்ணுல ரெண்டு பட்டன் வச்சு நான் கூத்தடிச்சிட்டிருக்கேன், ஒரே குரல்ல என்னை விட்டுட்டான். காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் நான் பாத்தாலும், உன் குரல்னா அவனுக்குத் தனிதாண்டி."

குற்றம் சாட்டும் தொனியே இல்லை. எனக்குக் கிடைக்கவேண்டிய ஒரு நல்ல சேதியை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருந்து கொடுப்பதுபோல் சொன்னாள். நான் கோத்திருந்த வார்த்தைகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. சிக்கு எடுப்பதுபோல் வெகு நேரம் தலை வாரிக்கொண்டிருந்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஒரு வாரம் இங்கேதானே இருக்கப்போகிறாள் என்று தோன்றியது.

ஆறாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, பல் தேய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், மூச்சு முட்டுகிறது என்று செவிலியிடம் சொல்லியிருக்கிறாள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். நான் அப்போது காப்பகத்து வாசலில் அவனுடைய பையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் உயிர் போய்விட்டிருந்தது. ஆபரேஷனை அவள் தள்ளிப் போட்டதற்கு என் மகன் காரணம், செய்துகொண்டதற்கு நான் காரணம் என்று சில நாட்கள் கணக்குப் போடுவேன். சில நாட்கள் என் கணவர் சொல்வதுபோல், யாருக்கும் வரக்கூடியது இது என்று இருந்துவிடுவேன். எட்டு வருடங்களாகிவிட்டன. இரண்டும் எனக்கு மாறி மாறித்தான் வருகின்றன.

ஆனால் அதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை குழந்தைகளை விடுவார்கள். பத்து மாதம் முடிந்திருந்தது. எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான், பக்கவாட்டில் இரண்டு அடி வைப்பான். அக்காவுக்கு நான்கு கால் உள்ள நடைச்சட்டம் கொடுத்து, வார்டுக்கு வெளியே நீண்ட தாழ்வாரத்தில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். சட்டத்தைத் தூக்கி முன்னால் வைக்கவேண்டும், பிறகு ஒரு காலை வைக்கவேண்டும், பிறகு மற்றதை. நான் அவனைத் தரையில் விட்டதும், அவன் தவழ்ந்து போய்ச் சட்டத்தின் கீழ்க்கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"அம்மா, குழந்தையை எடுங்க, கால்ல பட்டுடும்" என்றார் செவிலி.

நான் எடுக்கக் குனிந்தேன். அக்கா நின்றுவிட்டாள். எடுக்காதே என்று அவள் சொல்லவில்லை. சட்டத்தைப் பிடித்த கைகள் வெளுக்க, மேலிருந்து அவனுடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவேண்டுமென்றால் அவள் குனியவேண்டும். ஆறு வாரத்துக்குக் குனியக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டேன். அவன் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன்.

"நட" என்றேன்.

"உன் முட்டி போயிடும்டி."

"நடக்கா."

"முதலாளி முன்னாடி நிக்கிறாரு, வேலைக்காரி எப்படி முன்னால போறது?" என்றாள். குரல் பழைய மாதிரி இருந்தது. செவிலி தலையில் அடித்துக்கொண்டு, மறுபக்கம் வந்து அக்காவின் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

தாழ்வாரத்தில் வருகிறவர்கள் எல்லாம் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். ஒரு முதியவர் தன் சக்கர நாற்காலியை நிறுத்தி, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். மண்டியிட்டு நகர்ந்த எனக்கு அக்காவின் முகம் தெரியவில்லை. அவளுடைய இரண்டு பாதங்களும், சட்டத்தின் ரப்பர் நுனிகளும், என் மகனின் பாதங்களும்தான் தெரிந்தன. சட்டம் தரையிலிருந்து ஒரு விரல்கடை மேலே எழுந்தது. அவன் அதைக் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டுத் தன் வலது காலை அதே அளவுக்கு மேலே தூக்கினான். மேலே அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது. சட்டம் இன்னும் தரையைத் தொடவில்லை. அவனும் காலைக் கீழே வைக்காமல், அது எங்கே இறங்கப்போகிறது என்று பார்த்தபடி, ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான்.